தொட்டிச் செடிகளுக்கான சூரிய ஒளி

தொட்டிச் செடிகளுக்கான சூரிய ஒளி என்பது, நகர வீடுகளின் மொட்டைமாடி, பால்கனி, சன்னலோரம், படிக்கட்டுத் திருப்பம் போன்ற இடங்களில் தொட்டிகளிலும் பைகளிலும் வளர்க்கப்படும் செடிகளுக்குக் கிடைக்கும் வெயிலின் அளவு, நேரம், திசை ஆகியவற்றை அறிந்து, அதற்கேற்பச் செடியையும் இடத்தையும் பொருத்துவதைக் குறிக்கும். மண், நீர், உரம் ஆகியவற்றைத் தொட்டியில் மாற்றியமைக்க இயலும். வெயிலை அவ்வாறு கொண்டுவந்து சேர்க்க இயலாது. அண்டைக் கட்டடங்களும் கதிரவனின் பாதையும் அதனை முன்னரே தீர்மானித்துவிடுகின்றன. மாடித் தோட்டங்களில் நீரும் உரமும் காரணம் எனக் கருதப்படும் இழப்புகளில் பல, உண்மையில் இடத்தேர்வில் நேர்ந்த பிழைகளே ஆகும்.

தோட்டக்கலை நூல்களிலும் விதைப் பொட்டலங்களிலும் காணப்படும் "தெற்கு நோக்கிய இடத்தில் வைக்கவும்" என்னும் அறிவுரை, ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற மிதவெப்ப நாடுகளுக்காக எழுதப்பட்டதாகும். அங்கு நண்பகல் கதிரவன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே நிற்கும். கடகக் கோட்டிற்குத் தெற்கே அமைந்த வெப்பமண்டல நகரங்களில் நிலை வேறு. இக்கட்டுரை சென்னையை (ஏறத்தாழ 13° வடக்கு அகலாங்கு) முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

கதிரவனின் பாதை

சென்னையில் கதிரவன் ஆண்டில் இரு நாட்களில் மட்டும், ஏப்ரல் 24 ஐயும் ஆகஸ்ட் 18 ஐயும் ஒட்டி, நண்பகலில் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அந்நேரத்தில் செங்குத்தாக நடப்பட்ட கோலுக்கு நிழல் விழாது. இந்நாட்கள் நிழலில்லா நாட்கள் எனப்படுகின்றன. கன்னியாகுமரியில் இது ஏப்ரல் 10, செப்டம்பர் 1 ஆகிய நாட்களை ஒட்டியும், யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 15, ஆகஸ்ட் 28 ஆகிய நாட்களை ஒட்டியும் நிகழும். நிலநடுக்கோட்டிற்கு அருகிலுள்ள சிங்கப்பூரில் மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் நிகழும்.

இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதங்கள், சென்னையின் நண்பகல் கதிரவன் வடக்கே சாய்ந்திருக்கும். ஜூன் 21 அன்று சாய்வு உச்சியிலிருந்து சுமார் 10° வடக்கு. எஞ்சிய எட்டு மாதங்கள் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் 22 அன்று இச்சாய்வு சுமார் 36.5° ஆகும். உதிக்கும் இடமும் நகர்கிறது. ஜூனில் நேர் கிழக்கிலிருந்து 24° வடக்கே தள்ளியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளியும் கதிரவன் எழுகிறது.

இதிலிருந்து, பலர் நம்பத் தயங்கும் ஒரு முடிவு பெறப்படுகின்றது. ஜூன் மாத நடுவில் சென்னையில் சரியாகத் தெற்கு நோக்கிய சுவரின் மீது காலை முதல் மாலை வரை நேரடி வெயில் ஒரு கணமும் படுவதில்லை. மாறாக, வடக்கு நோக்கிய சுவர் செப்டம்பர் 23 முதல் மார்ச் 21 வரை நேரடி வெயிலைக் காண்பதில்லை. ஆகவே "வெயில் படும் பால்கனி", "வெயில் படாத பால்கனி" என்று பொதுவாகக் கூறுவது பொருளற்றது. எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

பகல் நீளத்தின் வேறுபாடு இதனுடன் ஒப்பிடுகையில் சிறியது. சென்னையில் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 53 நிமிடமும், மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடமும் கொண்டது.

நிழலைக் கணித்தல்

சென்னையில் டிசம்பர் நண்பகலில் ஒரு சுவரின் நிழல், அதன் உயரத்தில் 0.74 பங்கு நீளத்திற்கு வடக்கு நோக்கி விழும். நவம்பர் 21, ஜனவரி 21 ஆகிய நாட்களில் இது 0.65 பங்கு. அக்டோபர், பிப்ரவரி மாதங்களின் பிற்பாதியில் 0.45 பங்கு. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களில் 0.23 பங்கு. ஜூன் 21 அன்று நிழல் திசை மாறி, உயரத்தில் 0.18 பங்கு தெற்கு நோக்கி விழும். இவ்வெண்களைக் கொண்டு அளவுநாடாவின் துணையுடன் எவரும் தம் மாடியின் நிழலைக் கணக்கிடலாம்.

மொட்டைமாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவர் 1 மீட்டர் உயரமானது எனக் கொள்வோம். டிசம்பர் நண்பகலில் அதன் உட்புறம் 74 சென்டிமீட்டர் அகலத்திற்கு நிழல் விழும். சுவரை ஒட்டித் தரையில் வைக்கப்பட்ட கீரைப் பெட்டி முழுதும் அந்நிழலுக்குள் அடங்கிவிடும். அதே பெட்டியை வடக்குக் கைப்பிடிச் சுவரின் உட்புறம் மாற்றி வைத்தால், அச்சுவரின் நிழல் வெளிப்புறம் விழுவதால், நண்பகல் வெயில் முழுமையாகக் கிடைக்கும். தெற்கு வெயில் வேண்டுமானால் மாடியின் வடக்கு ஓரத்தை நாடவேண்டும் என்பது முதற்பார்வையில் முரணாகத் தோன்றினும், நிழல் விழும் திசையை எண்ணிப் பார்த்தால் தெளிவாகும். பெட்டியைச் செங்கல் அடுக்கின் மீதோ இரும்புத் தாங்கியின் மீதோ உயர்த்தி வைப்பதும் நிழலிலிருந்து விடுவிக்கும் எளிய வழியாகும்.

அண்டைக் கட்டடங்களின் தாக்கம் இதனினும் பெரியது. தெற்கே உள்ள கட்டடம் நமது மாடித் தளத்திலிருந்து 9 மீட்டர் (ஏறத்தாழ மூன்று தளங்கள்) உயர்ந்திருப்பின், டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் 6.6 மீட்டர் தொலைவு நீளும். செப்டம்பர் இறுதியில் அதே கட்டடத்தின் நிழல் சுமார் 2 மீட்டர் மட்டுமே. கிழக்கில் 6 மீட்டர் தொலைவில், தளத்திற்கு மேல் 6 மீட்டர் உயர்ந்து நீண்டு நிற்கும் கட்டடம், மார்ச் மாதத்தில் முதல் மூன்று மணி நேர வெயிலை மறைத்துவிடும். மாடியிலேயே உள்ள நீர்த்தொட்டி, மின்தூக்கி அறை, படிக்கட்டு மேற்கூரை ஆகியவற்றின் நிழலும் கணக்கில் கொள்ளத்தக்கது. இவை வெயிலைத் தடுக்கும் அதே வேளையில், மேற்கில் அமைந்திருப்பின் பிற்பகல் வெப்பத்திலிருந்து செடிகளைக் காக்கவும் செய்யும்.

பால்கனிகளில் மேல்தளமே முதன்மையான தடையாகும். தளத்திலிருந்து தளம் 3 மீட்டர் எனில், டிசம்பர் நண்பகல் வெயில் தெற்கு பால்கனியின் தரையில் 2.2 மீட்டர் ஆழம் வரை நுழையும். எனவே வழக்கமான 1.2 மீட்டர் பால்கனியின் பின்சுவர் வரை ஒளி எட்டும். ஆனால் ஜூன் நண்பகலில் வடக்கு பால்கனியில் 55 சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே ஒளி பெறும். அதிலும் வெளியோரத்தின் 18 சென்டிமீட்டரைக் கட்டுச் சுவர் மறைத்துக்கொள்ளும். கட்டுச் சுவருக்கு மாற்றாகக் கம்பித் தடுப்பு உள்ள பால்கனிகளில் தரைமட்டத் தொட்டிகளுக்குக் கூடுதல் ஒளி கிடைக்கிறது. கிழக்கு, மேற்கு பால்கனிகளில் ஆண்டு முழுவதும் அரைநாள் வெயில் ஏறத்தாழ உறுதியாகக் கிடைக்கும். அடுக்ககங்களில் வீடு தேடுவோர், செடி வளர்க்கும் எண்ணமுடையோராயின், கிழக்கு பால்கனியைத் தேர்வது நன்று.

கணக்கீட்டில் விருப்பமில்லாதோர் நேரடியாக உற்றுநோக்கலாம். மாடியின் வரைபடமொன்றைத் தாளில் வரைந்து, காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கொருமுறை நிழலின் எல்லையைக் குறிக்கவேண்டும். இதனை மார்ச், ஜூன், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் ஒவ்வொரு நாள் செய்தால் போதுமானது. செப்டம்பர் மாத நிலை மார்ச் மாத நிலையை ஒத்திருக்கும். ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொட்டிகளை நிலையாக அமைப்பதே பரவலாகக் காணப்படும் தவறு ஆகும்.

பட்டமும் நிழலும்

மாடித் தோட்டங்களில் கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை ஆகியவை பெரும்பாலும் ஆடிப் பட்டத்தில், அதாவது ஜூலை நடுப்பகுதி முதல், விதைக்கப்படுகின்றன. அப்போது நண்பகல் கதிரவன் வடக்கே இருப்பதால், தெற்குக் கட்டடத்தின் நிழல் மாடியில் விழுவதேயில்லை. எல்லா இடமும் வெயிலாகத் தோன்றும். செடி வளர்ந்து பூத்துக் காய்க்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கதிரவன் தெற்கே சென்றுவிடும். அத்துடன் சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதியைத் தரும் வடகிழக்குப் பருவமழையும் அக்காலத்திலேயே வருவதால், மேகமூட்டம் ஒளியை மேலும் குறைக்கும். ஜூலையில் நன்கு தழைத்த செடி நவம்பரில் பூ உதிர்த்து நிற்பதைக் கண்டு உரமிடுவோர் உளர். தேவைப்படுவது உரமன்று, தொட்டியை நிழலுக்கு வெளியே நகர்த்துவதே. எனவே ஆடிப் பட்டத்திற்கான இடத்தை அக்டோபர் இறுதி நிழலைக் கொண்டு முடிவு செய்தல் வேண்டும்.

ஜனவரி நடுவில் தொடங்கும் தைப் பட்டத்தில் இதற்கு நேர்மாறான நிலை காணப்படும். விதைக்கும் போது நிழலாக இருந்த இடம், ஏப்ரலில் கடும் வெயிலுக்கு ஆட்படும். நகர்த்தத்தக்க தொட்டி என்பது நிலத்துப் பயிருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு. பெரிய தொட்டிகளுக்குச் சக்கரப் பலகை அமைப்பது இதனாலேயே பயனுடையது.

ஒளியின் அளவு

தாவரங்கள் ஒளிச்சேர்க்கைக்கு 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுடைய ஒளியைப் பயன்படுத்துகின்றன. மனிதக் கண் ஒளிக்கேற்பத் தன்னைச் சரிசெய்து கொள்வதால், ஒளியளவை மதிப்பிடுவதில் அது நம்பத்தக்கதன்று. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்சு. மேகம் மூடிய பகல் 10,000 முதல் 20,000 லக்சு. நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் வீட்டுக் கூடத்தின் நடுப்பகுதி சில நூறு லக்சு மட்டுமே. வெயிலில் பூக்கும் செடியைக் கூடத்தில் வைப்பது, அதனை நூறில் ஒரு பங்கு உணவுடன் வாழச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஒரு நாள் முழுவதும் ஒரு சதுர மீட்டரில் விழும் பயன்படு ஒளியின் தொகை மோல் என்னும் அலகில் அளக்கப்படுகின்றது. கீரை வகைகளுக்கு நாளொன்றுக்கு 12 முதல் 17 மோலும், தக்காளிக்கு 20 முதல் 30 மோலும் ஏற்றதாகக் கொள்ளப்படுகின்றன. சென்னையின் கோடைக்காலத் தெளிந்த நாளில் திறந்த மாடிக்கு 40 மோலுக்கு மேல் கிடைக்கிறது. எனவே ஏப்ரல், மே மாதங்களில் 50 விழுக்காடு நிழல்வலை கட்டினாலும் தக்காளிக்குத் தேவையான ஒளி எஞ்சுகிறது. அதே வலையை நவம்பர் மேகமூட்டத்திலும் கழற்றாமல் விட்டுவிட்டால் கீரைக்குக்கூட ஒளி போதாது. நிழல்வலையை நிலையான கூரையாகக் கட்டாமல், சுருட்டி விரிக்கும் வகையில் கட்டுவதே முறையாகும்.

கருவி இல்லாத நிலையில், உச்சிவேளையில் இலைமட்டத்திற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பார்க்கலாம். கையின் நிழல் கூர்மையான விளிம்புடன் விழுந்தால் நேரடி ஒளி. மங்கிய விளிம்புடன் விழுந்தால் நடுத்தர ஒளி. நிழலே புலப்படாவிடின் அவ்விடம் பூக்கும் செடிகளுக்கு உகந்ததன்று.

செடிகளின் தேவை

நாளொன்றுக்கு 6 மணி நேரத்திற்கு மேல் நேரடி வெயில் படும் இடம் முழு வெயில் என்றும், 3 முதல் 6 மணி வரை பகுதி வெயில் என்றும், அதற்கும் குறைந்தது நிழல் என்றும் வழங்கப்படுகின்றன. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், புடலை, ரோசா, மல்லிகை, கறிவேப்பிலை ஆகியன முழு வெயிலை வேண்டுவன. மல்லிகை நிழலிலும் கரும்பச்சை இலைகளுடன் செழித்து நிற்கும், ஆனால் பூக்காது. செழிப்பைக் கண்டு ஏமாறுதல் இயல்பு.

கனகாம்பரம், கொடிப்பசலை, கற்பூரவல்லி, புதினா, இஞ்சி, மஞ்சள் ஆகியன பகுதி வெயிலில் வளரும். வல்லாரை ஈரமும் நிழலும் விரும்பும். வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தியை நட்டு அதன் நிழலில் கொடியேற்றுவது தமிழக உழவர் நெடுங்காலமாகக் கையாளும் முறை; பால்கனியில் வெற்றிலை நன்கு வருவதற்குக் காரணமும் இதுவே.

தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை ஆகிய அனைத்தும் அமராந்தசுப் பேரினத்தைச் சேர்ந்த சி4 தாவரங்கள். இவை கடும் ஒளியையும் வெப்பத்தையும் பெரும்பாலான காய்கறிச் செடிகளைவிடத் திறமையாகப் பயன்படுத்துகின்றன. பருப்புக்கீரையும் இத்தகையதே. கத்திரி வெயிலில் மாடியில் எதுவும் வளராது என்போர் இக்கீரைகளை முயன்று பார்க்கலாம்.

வெயிலும் வெப்பமும்

காலை நான்கு மணி நேர வெயிலும் பிற்பகல் நான்கு மணி நேர வெயிலும் ஒளியளவில் ஏறத்தாழச் சமம், விளைவில் சமமல்ல. காலையில் செடி இரவெல்லாம் நீர் உறிஞ்சி நிறைந்திருக்கும், இலைத்துளைகள் திறந்திருக்கும். பிற்பகலில் காற்று வறண்டு வெப்பமுற்றிருப்பதால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். விழும் ஒளி உணவாகாமல் இலையைச் சூடாக்கும். வாய்ப்பிருப்பின் காலை வெயிலைத் தேர்ந்து, மேற்கு வெயிலைத் தடுப்பதே வெப்பமண்டல நகரங்களுக்கு ஏற்றது.

தொட்டிச் செடியின் வேர், நிலத்துச் செடியின் வேரைப்போல ஆழத்துக் குளிர்ச்சியில் இல்லை. கறுப்பு நெகிழித் தொட்டியின் மேற்குப் பக்கம் வெயில் படும்போது, அப்பக்க மண் மிகுந்த வெப்பமடைகிறது. 35 பாகை செல்சியசுக்கு மேல் பெரும்பாலான காய்கறிச் செடிகளின் வேர் வளர்ச்சி குன்றும். இலைகளுக்கு வெயிலும் தொட்டிக்கு நிழலும் அமைவதே சிறந்த நிலையாகும். தொட்டிகளை நெருக்கி வைத்தல், மேற்கு வரிசையில் வெற்றுப் பானைகளையோ செங்கற்களையோ அடுக்குதல், தொட்டிக்கு வெள்ளையடித்தல், தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்தல் ஆகியவை எளிய வழிகள். கடைகளில் கிடைக்கும் வளர்ப்புப் பைகள் பல, வெளிப்புறம் வெள்ளையாகவும் உட்புறம் கறுப்பாகவும் அமைந்திருப்பது இதன்பொருட்டே.

உச்சி வெயிலில் இலை துவள்வதைக் கண்டவுடன் நீர் ஊற்றுதல் பலரது வழக்கம். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து ஈரம் இருப்பின், அது வெப்பத்தைத் தாங்கும் தற்காலிகத் துவளலே. மாலையில் தானே நிமிரும். ஈரமண்ணில் மேலும் மேலும் நீர் ஊற்றினால் வேரழுகி, பின்னர் நிமிராமலே போகும். நண்பகலில் இலைமீது நீர்த்துளி பட்டால் அது ஆடிபோலக் குவிந்து இலையை எரிக்கும் என்னும் நம்பிக்கையும் பரவலானது. 2010 இல் அங்கேரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மயிரற்ற வழுவழுப்பான இலைகளில் இவ்வாறு நிகழ்வதில்லை எனக் கண்டறியப்பட்டது. மயிர்கள் துளியை இலைப்பரப்பிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் இலைகளில் மட்டும் அதற்கு வாய்ப்புண்டு.

நாற்றுப் பண்ணையில் நிழல்வலையின் கீழ் வளர்ந்த செடியை வாங்கி வந்த அன்றே மாடி வெயிலில் வைப்பது அதன் இலைகளைக் கருகச் செய்யும். நிழலில் உருவான இலை மெல்லியது; அது தடித்த வெயில் இலையாக மாறாது, புதிய இலைகளே வெயிலுக்கேற்ப உருவாகவேண்டும். இதற்குப் பத்து முதல் பதினைந்து நாட்கள் காலை வெயிலில் மட்டும் வைத்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிச் செல்லவேண்டும்.

அறிகுறிகள்

ஒளி குறையும்போது கணுவிடை நீண்டு தண்டு மெலியும், இலை வெளிறும், செடி ஒளி வரும் பக்கம் சாயும். அண்டைச் செடிகளின் இலைகளை ஊடுருவி வரும் ஒளியில் சிவப்பு குறைந்து தொலைசிவப்பு மிகுந்திருப்பதை, பைட்டோகுரோம் என்னும் நிறமி வாயிலாகச் செடி உணர்ந்து உயரத் தொடங்குகிறது. ஆகவே நாற்றுகளை நெருக்கி வைத்தாலே அவை ஒல்லியாக நீளும். சன்னலோரத் தொட்டிகளை வாரம் ஒருமுறை கால்வட்டம் திருப்பி வைத்தால் சாய்வு நீங்கும்.

ஒளி மிகும்போது, வெயில் படும் பக்கத்தில் மட்டும் வெளுத்த அல்லது பழுப்பான திட்டுகள் தோன்றும். தக்காளி, குடைமிளகாய்க் கனிகளில் வெள்ளைத் தோல்போன்ற தழும்பு உண்டாகும். எதிர்வீட்டுக் கண்ணாடி முகப்பிலிருந்து தெறிக்கும் ஒளியும் இத்தகைய கருகலை ஏற்படுத்துவதுண்டு. சத்துக்குறைபாட்டின் அறிகுறி செடி முழுவதும் ஒழுங்காகப் பரவும். வெயிற்கருகல் திசை சார்ந்தது. இவ்வேறுபாட்டைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம்.

இரவு ஒளி

நகரத்திற்கே உரிய மற்றொரு சிக்கல் இரவு விளக்குகள் ஆகும். சில செடிகள் பூப்பது பகலின் ஒளியளவைச் சார்ந்திராமல், இரவின் நீளத்தைச் சார்ந்திருக்கும். இதனை அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அலார்டு ஆகியோர் 1920 இல் புகையிலைச் செடியைக் கொண்டு விளக்கினர். சாமந்தி இத்தகைய செடி; அது மொட்டு விடுவதற்கு நீண்ட, இடையறாத இருள் தேவை. தெருவிளக்கோ வாசல் விளக்கோ இரவு முழுவதும் படும் இடத்தில் வைக்கப்பட்ட சாமந்தி, நல்ல வெயிலும் உரமும் பெற்றும் இலைகளை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை விளக்கொளி படாத பக்கத்திற்குத் தொட்டியை மாற்றினாலோ அட்டைப் பெட்டியால் மூடிவைத்தாலோ, சில வாரங்களில் மொட்டுகள் தோன்றும்.